முகாம் தொண்டர்களுக்கு ஒரு சம்படம் பிரவுனி

ரத்ததான முகாமில் ரத்தம் கொடுத்தவருக்கு ஜூஸும் பிஸ்கட்டும் உடனே கைக்கு வந்துவிடும். காலையிலேயே வந்து நாற்காலி அடுக்கி, படிவம் நிரப்பி, மயக்கம் வருகிறவர்களைத் தாங்கிப் பிடிக்கிற பிள்ளைகளுக்கு மதியம் வரை ஒரு வாய் டீ கிடைத்தால் பெரிது. கண் சிகிச்சை முகாம், கடற்கரை சுத்தம், வெள்ள நிவாரணப் பொட்டலம் கட்டுகிற மண்டபம் என்று எங்கே போனாலும் இதே நிலைதான். இவர்களுக்கு வீட்டிலிருந்து ஏதாவது செய்துகொண்டு போக நினைக்கிற தோழிகளுக்கு என் முதல் சிபாரிசு பிரவுனி. ஸ்பூன் வேண்டாம், தட்டு வேண்டாம், நின்றபடியே ஒரு கையால் சாப்பிடலாம். க்ரீம் கிடையாது என்பதால் நம்ம ஊர் வெயிலில் உருகி வழியாது.

பிரவுனி பிறந்த கதையும் இதற்குப் பொருத்தமானதுதான். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு வந்த பெண்களின் சாப்பாட்டுப் பெட்டியில் வைக்க, கேக்கைவிடச் சின்னதாக, கையில் எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி ஓர் இனிப்பு வேண்டுமென்று பெர்த்தா பால்மர் கேட்டார்; அப்படித்தான் இது வந்தது என்று அங்குள்ள பால்மர் ஹவுஸ் ஹோட்டல் சொல்கிறது. அதே கண்காட்சியை ஒட்டி நடந்த சர்வ சமயப் பேரவைக்கு விவேகானந்தரை அனுப்பிவைக்க, சென்னையில் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாக ஏறி இறங்கிப் பணம் திரட்டினார். தொண்டு செய்கிறவர்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர்தான்.

கேக் செய்யத் தெரிந்தவர்களுக்கு அடிப்படை முறை புதிதல்ல. செலவையும் நேரத்தையும் மிச்சம் பிடிக்கிற வழிகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

1. அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் முகாம் நடத்துகிறவருக்கு ஒரு போன் போடுங்கள். எத்தனை தொண்டர்கள், எத்தனை மணிக்கு இடைவேளை, வெளிச் சாப்பாடு கொண்டுவரலாமா என்று மூன்றே கேள்வி. முதியோர், குழந்தைகள் இல்லங்கள் பலவற்றில் அங்கே தங்கியிருப்பவர்களுக்கு வெளியில் சமைத்ததை வாங்கமாட்டார்கள். தொண்டர்களுக்கு மட்டும்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் குழப்பம் வராது.

2. எட்டு அங்குலச் சதுர ட்ரேயில் நாலுக்கு நாலாக வெட்டினால் 16 துண்டு, ஐந்துக்கு ஐந்தாக வெட்டினால் 25. டீயும் காரமும் கூட இருக்கிற இடத்துக்கு 25 துண்டுக் கணக்கே சரி. வாட்ச்மேன், வண்டி ஓட்டி வந்தவர், மண்டபம் கூட்டுகிற அம்மா இவர்களையும் தலைக்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. கூட்டம் பெரிதென்றால் இரண்டு தடவை செய்யாதீர்கள். 13-க்கு 9 அங்குல ட்ரேயின் பரப்பு 117 சதுர அங்குலம். எட்டு அங்குல ட்ரே 64 தான். எல்லாப் பொருளையும் இரண்டு மடங்கு போட்டு ஒரே ட்ரேயில் ஊற்றினால், வேக ஐந்து பத்து நிமிடம் மட்டுமே கூடுதலாகும்.

4. சதுர ட்ரே இல்லையே என்று புதிதாக வாங்கக் கிளம்பவேண்டாம். ஒன்பது அங்குல வட்ட கேக் டின்னின் பரப்பும் எட்டு அங்குலச் சதுரத்தின் பரப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதே மாவு, அதே நேரம். வட்டத்தை நீளவாக்கில் பட்டை பட்டையாக வெட்டினால் துண்டும் ஒழுங்காக வரும்.

5. கைக்கு அடக்கமான கணக்கு இது: வெண்ணெய் 125 கிராம், சர்க்கரை 200, கோகோ 60, மைதா 75, முட்டை பெரிதானால் இரண்டு, சின்னதானால் மூன்று. மைதாவை 25 கிராம் கூட்டினால் கேக் மாதிரி எழும்பும். கூட்டாமல் விட்டால் நடுவில் அல்வாப் பதத்தில் நிற்கும். ஊருக்குக் கொண்டுபோக அல்வாப் பதமே நல்லது, சீக்கிரம் காயாது.

6. மளிகைச் சீட்டில் சாக்லேட் கட்டியை அடித்துவிட்டு கோகோ பவுடரை எழுதுங்கள். கோகோவும் வெண்ணெயும் மட்டும் போட்ட பிரவுனி, கட்டிச் சாக்லேட் போட்டதற்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல, செலவு மட்டும் நன்றாகக் குறையும். ஆசைக்கு 50 கிராம் டார்க் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி மேலே தூவினால் கடிக்கும்போது அங்கங்கே தட்டுப்படும்.

7. கோகோ பவுடருக்குப் பதிலாக, பாலில் கலக்கிற டிரிங்க்கிங் சாக்லேட்டைப் போட்டுவிடாதீர்கள். அதில் பெரும்பங்கு சர்க்கரைதான். இனிப்பு திகட்டும், நிறம் வராது.

8. மலிவாகக் கிடைக்கிற காம்பவுண்ட் கட்டியில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும். வெயில் தாங்கும் என்பதால் மேலே கோடு இழுக்க அது சரி. மாவில் கரைக்க கோகோவே போதும்.

9. நம்ம ஊர்ச் சர்க்கரை பரல் பரலாக இருக்கும், சீக்கிரம் கரையாது. மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டுப் போடுங்கள். அடிக்கிற நேரம் பாதியாகும், கையும் வலிக்காது.

10. சர்க்கரையில் பாதியை நாட்டுச் சர்க்கரையாக மாற்றினால் ஈரப்பதம் நன்றாக நிற்கும், மறுநாளும் மெத்தென்று இருக்கும். கட்டி இருந்தால் கையால் உதிர்த்து, சலித்துப் போடவேண்டும். முழுவதும் நாட்டுச் சர்க்கரையாகப் போட்டால் மேலே அந்தப் பளபளத் தோல் வராது, ருசியிலும் வெல்லமே முன்னால் நிற்கும்.

11. கடையில் வாங்கும் டேபிள் வெண்ணெயில் உப்பு இருக்கும். அதைப் போட்டால் தனியாக உப்பு வேண்டாம். வீட்டில் எடுத்த வெண்ணெயோ உப்பில்லாததோ என்றால் கால் டீஸ்பூன் உப்பு சேருங்கள். உப்பு இல்லாத பிரவுனியில் சாக்லேட் வாசனை பாதிதான் தெரியும்.

12. வெண்ணெய் சுற்றிவந்த தாளைக் குப்பையில் போடாதீர்கள். அதில் ஒட்டியிருப்பதே ட்ரேக்குத் தடவப் போதும். மடித்து ஃப்ரீசரில் போட்டுவைத்தால் அடுத்த முறைக்கும் ஆகும்.

13. வெண்ணெய் விலை இடிக்கிறதா? 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் ரீஃபைண்ட் எண்ணெய் சரியாக இருக்கும், ஏனென்றால் வெண்ணெயில் சுமார் 80 சதவீதம்தான் கொழுப்பு. பாதி வெண்ணெய், பாதி எண்ணெய் என்று போடுவது என் கட்சி. மணமும் இருக்கும், ஃப்ரிட்ஜில் வைத்தாலும் கல்லாகாது.

14. கோகோவை மைதாவோடு சேர்த்துச் சலிப்பதைவிட, சூடான வெண்ணெயில் போட்டுக் கலந்து ஐந்து நிமிடம் மூடிவையுங்கள். அதன் வாசனை கொழுப்பில் இறங்கி நிறமும் ருசியும் ஏறும். ஒரு பைசா செலவில்லாத குறிப்பு இது.

15. காலையில் ஃபில்டரில் போட்ட காபியின் இரண்டாம் டிகாக்‌ஷன் மீதமிருக்குமே, அதில் ஒரு மேசைக்கரண்டி ஊற்றுங்கள். காபி ருசி தனியாகத் தெரியாது, சாக்லேட் ருசி தூக்கிக் கொடுக்கும். கடையில் வாங்கும் வெனிலா எசன்ஸ் தீர்ந்திருந்தாலும் குறை தெரியாது.

16. சாக்லேட்டை உருக்கும்போது ஒன்றிரண்டு சொட்டுத் தண்ணீர் பட்டாலே கெட்டிதட்டித் திரிந்த மாதிரி ஆகிவிடும். தூக்கி எறியவேண்டாம், கொதிக்கக் காய்ந்த பாலை ஒவ்வொரு கரண்டியாக விட்டுக் கலக்கினால் பளபளவென்று திரும்பி வரும். அதை அப்படியே மாவில் சேர்த்துவிடலாம்.

17. முட்டையை முன்கூட்டியே வெளியே எடுத்துவைக்க மறந்துவிட்டால், உடைக்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டுவையுங்கள். சில்லென்ற முட்டையைச் சேர்த்தால் உருகிய வெண்ணெய் உறைந்து திட்டுத்திட்டாக நிற்கும்.

18. மேலே கண்ணாடித் தாள் மாதிரி வெடித்து நிற்கும் தோல் வரவில்லையே என்று பலரும் கேட்பார்கள். அந்தத் தோல், முட்டையில் நன்றாகக் கரைந்த சர்க்கரை மேலெழுந்து காய்வதால் வருவது. முட்டையையும் பொடித்த சர்க்கரையையும் வெளுத்துக் கெட்டியாகும் வரை நான்கைந்து நிமிடம் அடியுங்கள். வெண்ணெய்க் கலவையைச் சூடு ஆறுவதற்குள், கைபொறுக்கும் பதத்தில் ஊற்றிக் கலக்குங்கள். பீட்டர் இருந்தால் வேலை சுலபம், இல்லாவிட்டால் தயிர் கடைகிற மத்தே போதும்.

19. மைதா கடைசியாக. சேர்த்தபின் வெள்ளை மறையும் வரை மடித்துக் கலந்தால் போதும், அதற்குமேல் கரண்டி போடாதீர்கள். அதிகம் கலக்கினால் பிரவுனி இழுவையாகும்.

20. பேக்கிங் பவுடர், சோடா உப்பு இரண்டும் இதற்கு வேண்டாம். அவை போட்டால் எழும்பி, ஆறும்போது நடுவில் அமுங்கும். ஒரு சாமான் குறைந்தது லாபம்.

21. வால்நட் போட்டால்தான் பிரவுனி என்று யாரும் சட்டம் போடவில்லை. பண்ருட்டி முந்திரியில் முழுப் பருப்பைவிட உடைசல் விலை குறைவு. எப்படியும் உடைத்துத்தானே போடப்போகிறோம். வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை இன்னும் சிக்கனம். கோவில்பட்டி கடலைமிட்டாயை ஒன்றிரண்டாகத் தட்டி மேலே தூவிப் பாருங்கள், பிள்ளைகள் அதைத் தேடி எடுப்பார்கள்.

22. அவன் சூடாகிற பத்து நிமிடம் சும்மா போகவேண்டாம். பருப்பை ஒரு தட்டில் பரப்பி உள்ளே வைத்தால் வறுபட்டுவிடும், தனியாக வாணலி கழுவுகிற வேலை மிச்சம். கண் அதன்மேல் இருக்கட்டும், முந்திரி சீக்கிரம் சிவந்துவிடும்.

23. பருப்பை மாவுக்குள் கலக்காமல் ட்ரேயின் பாதிக்கு மட்டும் மேலே தூவுங்கள். கடலை, முந்திரி சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பார்த்தவுடன் தெரிந்தால் கேட்காமலே ஒதுக்கிவிடுவார்கள். ஒவ்வாமை கடுமையாக உள்ளவர் இருக்கிறார் என்று தெரிந்தால் பாதியும் வேண்டாம், பருப்பே இல்லாமல் செய்யுங்கள்.

24. முட்டையில்லாமல் ஒரு ட்ரே செய்வது தொண்டர்கள் கூடுகிற இடத்தில் மிக அவசியம். புரட்டாசி, மாலை போட்டிருக்கிற கார்த்திகை, வெள்ளிக்கிழமை, எப்போதுமே சைவம் என்று பத்துப் பேரில் சிலராவது இருப்பார்கள். அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. ஒரு முட்டைக்குக் கால் கப் புளிக்காத கெட்டித் தயிர் என்று போட்டு, இதற்கு மட்டும் அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சேருங்கள். தயிர் வேண்டாமென்றால் ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் ஒரு முட்டைக்கு ஈடு. ஒரே ட்ரேதான் செய்யமுடியும் என்றால் முட்டையில்லாததையே செய்யுங்கள், எல்லோரும் சாப்பிடலாம்.

25. மைதா பிடிக்காதவர்கள் பாதி கேழ்வரகு மாவு போடலாம். கோகோவின் நிறத்தில் கேழ்வரகு தெரியவே தெரியாது. மாவை லேசாக வறுத்துப் போட்டால் பச்சை வாசனை வராது.

26. பட்டர் பேப்பரை ட்ரேயைவிட நீளமாக வெட்டி, இரண்டு பக்கமும் வெளியே தொங்கவிட்டு விரியுங்கள். வெந்தபின் இரண்டு முனையையும் பிடித்துத் தூக்கினால் முழுசாக வெளியே வந்துவிடும். ட்ரேயைச் சுரண்டித் தேய்க்கிற வேலை கிடையாது.

27. அவன் இல்லாத வீட்டில் பழைய கனமான வாணலியோ குக்கரோ போதும். அடியில் இரண்டு கப் கல்லுப்பு பரப்பி, மேலே ஸ்டாண்ட் வைத்து மூடி, பத்து நிமிடம் சூடாக்கியபின் டின்னை வையுங்கள். குக்கர் என்றால் கேஸ்கட்டும் வெயிட்டும் கட்டாயம் கழற்றியிருக்கவேண்டும். சிறு தீயில் 35 முதல் 45 நிமிடம் ஆகும். அந்த உப்பை ஆறவைத்து ஒரு டப்பாவில் போட்டுவைத்தால் இதே வேலைக்குத் திரும்பத் திரும்ப ஆகும், சமையலுக்கு மட்டும் எடுக்கவேண்டாம்.

28. மைக்ரோவேவில் கன்வெக்‌ஷன் வசதி இருந்தால் 170 டிகிரியில் தாராளமாகச் செய்யலாம். அந்த வசதி இல்லாத சாதா மைக்ரோவேவில் வைத்தால் ஆறியதும் ரப்பராகும். கூட்டத்துக்குக் கொண்டுபோக அது சரிப்படாது.

29. ட்ரே கறுப்பு நிறமென்றால் ஓரம் சீக்கிரம் கருகும், அதனால் ஐந்து நிமிடம் முன்பே பார்க்க ஆரம்பியுங்கள். கண்ணாடிப் பாத்திரத்தில் சூட்டைப் பத்துப் பதினைந்து டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை அலுமினிய ட்ரே விலையும் குறைவு, வேலையும் சுத்தம்.

30. இறக்குகிற பதம்தான் பிரவுனியில் எல்லாமே. கேக்குக்குக் குச்சி சுத்தமாக வரவேண்டும். இதற்கு அப்படி வந்தால் தாண்டிப்போயிற்று என்று அர்த்தம். 175 டிகிரியில் இருபது நிமிடம் ஆனதும் நடுவில் குத்திப் பாருங்கள்: ஈரமான துணுக்குகள் ஒட்டி வந்தால் இறக்கலாம், கூழாக வழிந்து வந்தால் இன்னும் ஐந்து நிமிடம். வெளியே எடுத்தபிறகும் ட்ரேயின் சூட்டில் வெந்துகொண்டுதான் இருக்கும், அதையும் கணக்கில் வையுங்கள்.

31. இரண்டு ட்ரேயை மேலும் கீழுமாக ஒரே நேரத்தில் வைத்தால் பாதி நேரத்தில் இடம் மாற்றுங்கள். 1500 வாட் ஓடிஜி இடைவிடாமல் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒன்றரை யூனிட். ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் அது வீண்.

32. நடுவில் கரண்ட் போய்விட்டதா? கதவைத் திறக்காதீர்கள், உள்ளிருக்கும் சூடு கொஞ்ச நேரம் வேலை செய்யும். பாதிக்குமேல் வெந்திருந்தால் அந்தச் சூட்டிலேயே முடிந்துவிடவும் வாய்ப்புண்டு. வேகாவிட்டால் அடுப்பில் உப்பு வாணலியைத் தயார் செய்து அதற்கு மாற்றிவிடுங்கள்.

33. பிரவுனியை எடுத்தபின் அணைத்த அவனில் கழுவித் துடைத்த கறிவேப்பிலையைப் பரப்பி மூடுங்கள். காலையில் மொறுமொறுவென்று காய்ந்திருக்கும், கறிவேப்பிலைப் பொடிக்கு ஆயிற்று. மீந்த ரொட்டித் துண்டு இருந்தால் அதையும் வையுங்கள், தூள் செய்து கட்லெட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

34. மாவு கரைத்த பாத்திரத்தை வழித்தெடுத்தபின், கோகோ வெண்ணெய் உருக்கிய கிண்ணத்தில் சூடான பாலை ஊற்றிக் கலக்குங்கள். பிள்ளைகளுக்கு ஒரு டம்ளர் சாக்லேட் பால். முட்டை கலந்த பாத்திரத்தில் மட்டும் இதைச் செய்யவேண்டாம்.

35. சூட்டோடு வெட்டினால் பொடிந்துபோகும். நன்றாக ஆறவிட்டு, ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்து வெட்டினால் ஓரம் கத்தரித்த மாதிரி இருக்கும். அவசரமென்றால் பிளாஸ்டிக் கத்தியால் வெட்டுங்கள், ஒட்டாது.

36. தோசைத் திருப்பி, அந்த அகலத் தகடு, பிரவுனி வெட்ட அருமையான சாமான். இழுக்காமல் நேராக அழுத்தி எடுக்கவேண்டும். ஒவ்வொரு தடவையும் வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு அடுத்த வெட்டுக்குப் போங்கள்.

37. ஓரத்தில் கடினமாக இருக்கும் பகுதியை மெல்லிசாக வெட்டியெடுத்து வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதை உதிர்த்து வெனிலா ஐஸ்க்ரீம் மேல் போட்டால் மாலை டிபனுக்குப் பின் ஒரு விருந்து. தொண்டர்களுக்குப் போகிற டப்பாவில் நடுத் துண்டுகள் மட்டும் இருக்கட்டும்.

38. கொஞ்சம் அதிகமாக வெந்து காய்ந்துவிட்டால், சூடாக இருக்கும்போதே அங்கங்கே குத்தி, சர்க்கரை கரைத்த டிகாக்‌ஷனை இரண்டு மேசைக்கரண்டி தெளியுங்கள். ஓர் இரவு மூடிவைத்தால் இளகிவிடும். அதற்கும் அசையாவிட்டால் உதிர்த்து, கொஞ்சம் கண்டென்ஸ்டு மில்க் விட்டு உருண்டை பிடித்து, வறுத்த தேங்காய்த் துருவலில் புரட்டுங்கள். லட்டு என்றே சொல்லிக் கொடுக்கலாம்.

39. முகாம் நாளுக்கு முந்தைய மாலையே செய்துவிடுங்கள். பிரவுனி மறுநாள்தான் ருசி கூடும். விடிகாலையில் எழுந்து அவதிப்படுவதும் இல்லை. கோடையில் வெளியே இரண்டு நாள், ஃப்ரிட்ஜில் ஒரு வாரம். வெட்டாமல் இறுகச் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மாதம்கூட இருக்கும்.

40. எறும்பு மோப்பம் பிடிப்பதில் நம்மைவிடக் கெட்டி. ஆறவைக்கும்போதே ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு, நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் ட்ரேயை வைத்துவிடுங்கள். ட்ரே எந்தப் பக்கமும் சுவரைத் தொடாமல் இருக்கட்டும்.

41. துண்டுகளை பட்டர் பேப்பரிலோ மந்தார இலையிலோ மடியுங்கள். பிளாஸ்டிக் தாளும் பிளாஸ்டிக் பூச்சுப் போட்ட தட்டும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. செய்தித்தாளும் கூடாது, அச்சு மை உணவில் ஒட்டும்.

42. தீபாவளி முறுக்குச் சம்படத்தில் ஒரு அடுக்கு பிரவுனி, மேலே ஒரு பட்டர் பேப்பர், மறுபடி ஒரு அடுக்கு என்று அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டாது. மூன்று அடுக்குக்கு மேல் போகவேண்டாம், அடியில் இருப்பது நசுங்கும். மூடியில் உங்கள் பெயரை எழுதி ஒட்டுங்கள், சம்படம் வீட்டுக்குத் திரும்பி வரவேண்டுமே.

43. ஸ்கூட்டரில் போகிறீர்களென்றால் பையைக் கொக்கியில் மாட்டாமல் கால் வைக்கிற இடத்தில் படுக்கையாக வையுங்கள். பஸ்ஸில் போனால் மடியில்தான். வெயில் விழுகிற ஜன்னலோரமும் கார் டிக்கியும் ஆகாது.

44. டப்பாமேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: முட்டை உண்டா இல்லையா, பால், மைதா, எந்தப் பருப்பு, என்று செய்தது. முட்டையில்லாததற்குப் பச்சைப் புள்ளி, முட்டை போட்டதற்குப் பழுப்பு முக்கோணம் வரைந்தால் படிக்க நேரமில்லாதவருக்கும் புரியும். கடைப் பொட்டலத்தில் பார்த்துப் பழகிய அடையாளங்கள்தானே.

45. கூடவே ஓர் இடுக்கி கொண்டுபோங்கள். கையுறை போட்டவர், குப்பை அள்ளியவர், மருந்து எடுத்தவர் எல்லோரும் ஒரே டப்பாவில் கைவிடாமல் இருக்கும். தனித்தனியாக மடித்ததென்றால் இடுக்கியும் வேண்டாம்.

46. கொடுக்கிற நேரம் முக்கியம். மதியச் சாப்பாட்டோடு வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பதினொரு மணி வாக்கில், கால் ஓய்ந்து நிற்கும்போது டீயோடு நீட்டுங்கள். மேசையில் வைத்துவிட்டு வந்தால் வேலையை விட்டு நகரமுடியாதவருக்குக் கிடைக்காது. நீங்களே ஒவ்வொருவரிடமும் போய்க் கொடுங்கள்.

47. ரம்ஜான் மாதத்தில் நோன்பிருந்துகொண்டே வேலை செய்கிற தொண்டர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு இரண்டு துண்டு தனியாக மடித்து, நோன்பு திறக்க வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். கடைசியில் பார்க்கலாம் என்று விட்டால் சம்படம் காலியாகிவிடும், அதனால் முதலிலேயே எடுத்துவைக்கவேண்டும்.

48. சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களும் தொண்டுக்கு வருகிறார்கள், அவர்களை விட்டுவிடாதீர்கள். முந்தைய இரவு ஒரு பிடி கொண்டைக்கடலை ஊறப்போட்டால் காலையில் சுண்டல் ஆயிற்று. இனிப்பை மறுப்பவரிடம் ‘ஒண்ணே ஒண்ணு’ என்று வற்புறுத்தவேண்டாம்.

49. தனியாளாகச் செலவு செய்யவேண்டியதில்லை. அடுக்ககத்தில் நாலு வீடு சேர்ந்தால் ஒருவர் வெண்ணெய், ஒருவர் கோகோ, ஒருவர் முந்திரி, அவன் இருக்கிற வீட்டில் வேலை. பணமாக வசூலிப்பதைவிடப் பொருளாகக் கேட்டால் எல்லோரும் சந்தோஷமாகத் தருவார்கள், மீந்ததும் அடுத்த முறைக்கு ஆகும்.

50. காலண்டரில் மூன்று தேதிகளை வட்டம் போட்டுவையுங்கள்: ஜூன் 14 உலக ரத்ததானம் செய்வோர் தினம், அக்டோபர் 1 தேசிய தன்னார்வ ரத்ததான தினம், டிசம்பர் 5 சர்வதேச தன்னார்வலர் தினம். இந்த நாட்களை ஒட்டி உங்கள் பக்கத்திலேயே ஏதாவது ஒரு முகாம் நடக்கலாம். ஒரு வாரம் முன்பே விசாரித்து, எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டு, வெண்ணெயை வாங்கி வையுங்கள் தோழிகளே.